இலங்கைக் காட்டுக்கோழி



வீட்டு முற்றத்தில் விடியுமுன் கூவுகின்ற சேவலின் பூர்வீகம் யாது என்று எவராவது வினவினால் நம்மிற் பெரும்பாலோர் நகைத்துவிடுவோம். கோழி என்றும் நம்மோடு இருந்து வருவது. அதற்கும் ஒரு பூர்வீகம் உண்டோ என்பதே நமது எண்ணம். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பிய அறிஞர்கள் இவ்வினாவை எடுத்துக்கொண்டு நெடுங்காலம் வாதித்தார்கள். அவ்வழக்கிலே சாட்சிக் கூண்டில் ஏற்றப்பெற்ற பறவைகளுள் ஒன்று, நம் நாட்டுக் காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. அதுவே இலங்கைக் காட்டுக்கோழி. இந்நாட்டின் தேசியப் பறவையாக இன்று மதிக்கப்பெறும் அதன் வாழ்க்கையையும், அது விஞ்ஞான வரலாற்றுட் புகுந்த கதையையும் சிறிது விரிவாக எடுத்துரைக்கலாமென்று கருதுகின்றேன்.

முதலிற் குலங் கூறுவோம். கோழி, மயில், கௌதாரி, காடை ஆகியன யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலத்திலே 'பெசன்ற்' என வழங்கும் நெடுவாற் பறவைகளும் அக்குடும்பத்தினவே. அவற்றின் பெயரையே குடும்பம் முழுவதும் தாங்கி நிற்கின்றது. கருங்கடலின் கிழக்குக் கரையிலே, இன்று ஜோர்ஜியா எனப்படும் நாட்டில், பாசிஸ் என்று முன்னோர் அழைத்த ஓர் ஆறு ஓடுகின்றது. அவ்வாற்றங்கரைப் பறவை என்னும் பொருளிலே கிரேக்கர் இட்ட பெயர்தான் பெசன்ற் என்று திரிந்தது. 1758ஆம் ஆண்டில் விலங்குகளுக்கெல்லாம் இருசொற் பெயர் வகுத்த சுவீடன் தேசத்து லின்னேயசு, நமது வீட்டுக் கோழியையும் அந்தப் பெசன்ற் இனத்துள்ளேயே அடக்கி, 'பாசியானசு கல்லசு' என்று எழுதி வைத்தார். பின்வந்தோர் கோழிகளை வேறு பிரித்துக் 'கல்லசு' என்னும் தனிப் பேரினம் ஆக்கினர். இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் வேலிகளிலும் பற்றைகளிலும் உலாவுகின்ற செண்பகத்தைப் பழைய ஆங்கிலேயர் 'காகப் பெசன்ற்' என்று அழைத்தனர். செண்பகம் குயிலுக்கு உறவு. கோழிக் குலத்தோடு அதற்கு யாதொரு தொடர்புமில்லை. பெயரைக் கண்டு மயங்கலாகாது.

கல்லசுப் பேரினத்திலே காட்டில் வாழும் இனங்கள் நான்கே. இமயமலை அடிவாரந் தொடங்கி மியன்மார், தாய்லாந்து, மலாயா ஆகிய நாடுகளினூடே சாவகம் வரை பரந்து வாழ்வது செங்காட்டுக்கோழி. இந்தியத் தீபகற்பத்தின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள காடுகளுக்கு உரியது சாம்பற் காட்டுக்கோழி. சாவகத்திலும் பாலித் தீவிலும் அவற்றின் கிழக்கேயுள்ள சிறு தீவுகளிலும் காணப்படுவது பச்சைக் காட்டுக்கோழி. அதன் கொண்டை மற்றவற்றைப்போல அரம்பப் பல் கொண்டதன்று, விளிம்பு ஒழுங்காக அமைந்தது. நான்காவது நம்முடையது.

நம் காட்டுச் சேவலை ஒருமுறை நல்ல வெயிலிற் கண்டவர் மறக்கமாட்டார். கழுத்தும் முதுகும் மார்பும் செம்பொன்னும் நெருப்பும் கலந்தாற்போன்ற நிறம். இறக்கையும் வாலும் கருமை. வெயில் படுகின்ற கோணத்துக்கேற்ப அக்கருமை ஊதாவாகவும் நீலமாகவும் மின்னும். கொண்டை சிவப்பு, ஆயின் அதன் நடுவிலே மஞ்சள் நிறத் திட்டு ஒன்று உண்டு. இந்த மஞ்சட் கொண்டைதான் இவ்வினத்தை மற்றை மூன்றிலிருந்தும் உடனே பிரித்துக் காட்டும் அடையாளம். ஊர்ச் சேவலைப் பார்த்துப் பழகிய கண், வேறு எதையும் கவனியாவிடினும் இதனைக் கவனித்தாற் போதும். வாலோடு அளந்தாற் சேவல் ஏறத்தாழ எழுபது சென்ரிமீற்றர் நீளம். நிறை ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். பெடையோ அதன் பாதியளவினது; கொண்டை இல்லையென்றே சொல்லலாம். உடல் முழுவதும் காய்ந்த சருகின் நிறம். மார்பிலும் வயிற்றிலும் மட்டும் வெண்மையிற் கருங்கோடுகள் பரவியிருக்கும். சருகு மூடிய நிலத்தில் அது அசையாது அமர்ந்துவிட்டால், இரண்டு முழத் தூரத்தில் நிற்பவனும் அதனைக் காணமாட்டான். ஆணுக்கு ஏன் இத்துணை ஒளி, பெண்ணுக்கு ஏன் இத்துணை மறைவு என்று கேட்பவருக்கு விடை கூட்டிலே கிடைக்கும்.

கூடு என்று சொல்வதும் சிறிது மிகைதான். மரத்தடியிலோ புதரின் அடியிலோ நிலத்தைச் சிறிது பறித்துச் சருகிட்ட குழி அது. சில வேளைகளிற் பிற பறவைகளோ அணில்களோ விட்டுச்சென்ற பழங்கூட்டிலும் முட்டையிடுவதுண்டு. இரண்டு முதல் நான்கு முட்டைகளே இடும். ஆண்டொன்றில் முந்நூறு முட்டை வரை இடுமாறு மனிதன் பழக்கிவிட்ட பண்ணைக் கோழிகளை அறிந்த நமக்கு இது மிகக் குறைவாகத் தோன்றலாம். காட்டுக்கோழி தன்னாற் காக்கக்கூடிய அளவே இடுகின்றது. மூன்று வாரம் அளவில் அதன் மேல் அசைவற்றுக் கிடந்து அடைகாக்கின்றது. கீரிக்கும் உடும்புக்கும் பாம்புக்கும் மரநாய்க்கும் எட்டக்கூடிய தரையிலே, இருபது நாளுக்கு மேலாக ஓரிடத்தைவிட்டு அகலாதிருக்க வேண்டிய பிறவிக்கு நிறமே கவசம். பொரித்த குஞ்சுகள் சிறிது நேரத்திலேயே தாயின் பின்னே ஓடித் திரியத் தொடங்கும். முதற் சில வாரங்களில் அவற்றுக்குப் பூச்சிகளே பெரும்பாலும் உணவு. வளர்ந்தபின் தானியம், புல்விதை, உதிர்ந்த கனி, கறையான் எல்லாம் உண்ணும். யானை உலாவும் காடுகளிலே யானையின் எச்சத்தைக் கிளறி, அதனுட் செரியாது கிடக்கும் விதைகளையும் அதில் மொய்க்கும் வண்டுகளையும் பொறுக்குவது இப்பறவைக்கு வழக்கம். இரவிலே தரையிற் படுப்பதில்லை. மரக்கிளையில் ஏறித் துயிலும்.

மலைநாட்டில் இப்பறவையின் வாழ்வோடு பின்னிக் கிடக்கும் ஒரு செடியைப் பற்றியும் கூறுதல் வேண்டும். சிங்கள மக்கள் அதனை நெலு என்பர். நம் இலக்கியங்கள் பாடிய குறிஞ்சிப் பூவும் இதுவும் ஒரே பேரினத்துச் செடிகள். நீலகிரியிற் குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூப்பதுபோலவே, ஹோட்டன் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் நெலு பல ஆண்டு காத்திருந்து ஒருங்கே பூத்து, ஒருங்கே விதை சொரிந்து, ஒருங்கே மடியும். 2013ஆம் ஆண்டில் அவ்வாறு பூத்தபொழுது அதனைக் காண மக்கள் திரள் திரளாகச் சென்றமை பலருக்கு நினைவிருக்கும். மக்கள் பூவைக் காணச் செல்வர். காட்டுக்கோழி விதையை உண்ணச் செல்லும். பூத்து முடிந்த காட்டின் அடித்தளம் முழுவதும் விதை பரந்து கிடக்கும் காலத்திலே, மற்றை நாளில் ஆளரவம் கேட்ட மாத்திரத்தில் ஓடி ஒளியும் இப்பறவைகள் கூட்டங் கூட்டமாக அங்கே சேரும். நெலு விதையை அளவின்றி உண்டு அவை மயங்கித் தடுமாறும் என்றும், அந்நிலையிற் கோலால் அடித்தே பிடிக்கலாம் என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக்காரர் எழுதி வைத்திருக்கின்றனர். வேட்டைக்காரர் சொல்லில் ஒரு பங்கைக் கழித்தே கொள்ளுதல் நன்று. ஆயினும் நெலு விதைக்காக அவை வந்து குவிவது உண்மை.

இனிப் பெயரின் கதைக்கு வருவோம். சிங்களத்தில் இதனை வலிக்குக்குளா என்பர். நாம் காட்டுக்கோழி என்று கூறி அமைவோம். விஞ்ஞான உலகம் இதற்கு வழங்கும் பெயர் 'கல்லசு லாபாயெத்தி' என்பது. பிரெஞ்சுக் கடற்படையில் மருத்துவராகவிருந்து, 'கொக்கியில்' என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவந்த இயற்கை நூலறிஞர் லெசன் என்பார் 1831இல் இப்பெயரைச் சூட்டினார். லாபாயெத் என்பவர் யார்? அமெரிக்கரின் விடுதலைப் போரிலே வாஷிங்டனுக்குத் துணைநின்று போரிட்டவர். பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்திலே தலைவர்களுள் ஒருவராக விளங்கியவர். 1830 ஜூலையிலே பாரிசு மாநகரில் மீண்டும் ஒரு புரட்சி எழுந்து, பழைய அரச வமிசத்தைத் துரத்தியபொழுது, எழுபத்திரண்டு வயதுக் கிழவரான அவரே தேசியப் படையின் தலைவரானார். அடுத்த ஆண்டில் அச்சேறிய நூலிலே ஒரு பிரெஞ்சுக்காரர் ஓர் அழகிய சேவலுக்கு அவர் பெயரைச் சூட்டியதில் வியப்பில்லை. சேவல் பிரெஞ்சு மக்களின் சின்னம் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். அந்தப் பெருமகன் இலங்கை மண்ணை மிதித்தவரல்லர். நூற்றாண்டுக் கணக்காக இப்பறவையோடு ஒரே காட்டில் வாழ்ந்த வன்னி மக்களோ வேடர்களோ அதற்கிட்ட பெயர்களையும், அதனைப் பற்றி அறிந்திருந்தவற்றையும் எவரும் அக்காலத்தில் முறையாகத் தொகுத்து வைக்கவில்லை என்பது எனக்குள்ள ஒரு குறை.

பூர்வீகத்தைப் பற்றிய வழக்குக்கு இனிச் செல்லலாம். வீட்டுக் கோழியின் மூதாதை தென்னிந்தியக் காட்டிலே இருக்கின்றது என்று முதலில் உரத்துக் கூறியவர் சொனரா என்னும் பிரெஞ்சு யாத்திரிகர். புதுச்சேரியில் இருந்து தமிழ்நாட்டைக் கண்ட அவர், 1782இல் வெளியிட்ட தமது பிரயாண நூலிலே, சாம்பற் காட்டுக்கோழியை விவரித்து, இதுவே கோழிகளின் முதற்றாய் என்று கொண்டார். அவர் பெயரையே அப்பறவை இன்றும் தாங்குகின்றது. அச்சேவலின் கழுத்திறகுகளில் மெழுகுத் துளி உறைந்தாற்போன்ற புள்ளிகள் உண்டு. ஆற்றிலே பெருமீன் பிடிக்கும் ஆங்கிலேயப் பிரபுக்கள் தம் தூண்டிலிற் கட்டும் பொய் ஈக்களை அவ்விறகு கொண்டு செய்தமையால் எண்ணற்ற சேவல்கள் மடிந்தன. அது வேறு கதை.

இலங்கையிலும் இரு அறிஞர்கள் இவ்வினாவை ஆராய்ந்தார்கள். ஒருவர் எட்வேட் கெலாட். 1819இல் இந்நாட்டிற் பிறந்து, படை மருத்துவராகப் பணிபுரிந்து, 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றி முதன்மையானதொரு நூலை வெளியிட்டவர். மற்றவர் எட்கார் லேயாட். குடியேற்ற அரசில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பறவைகளைச் சேகரித்தவர். குரல் மாத்திரம் வேறுபடாதிருந்தால், இலங்கைக் காட்டுக்கோழியை வீட்டுக் கோழியின் மூதாதை என்றே இவ்விருவரும் கருதியிருப்பர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. செந்நிறக் கழுத்திறகும் செம்மேனியும் உடைய சேவல் ஒன்று காட்டிலிருந்து வெளிப்பட்டு, ஊர்ப் பெடைகளோடு கூடித் திரிவதைக் கண்ணாற் கண்டவருக்கு அந்த எண்ணம் தோன்றுவது இயல்பே.

இவர்கள் கண்டவையெல்லாம் இலண்டனுக்கு அருகே ஒரு கிராமத்தில் நோயாளியாக வாழ்ந்த ஒருவருடைய மேசையை அடைந்தன. அவரே சார்ள்சு டார்வின். உயிரினங்கள் காலந்தோறும் மாறி வருவன என்னும் தமது கொள்கையை நிலைநாட்டுதற்கு, மனிதன் வளர்க்கும் பிராணிகளின் மாறுதல்களைத் துருவித் துருவி ஆராய்ந்தார் அவர். புறாக்களை வளர்த்தார், கோழிகளின் எலும்பை அளந்தார், கல்கத்தாவிலிருந்த பிளைத் என்னும் அறிஞருக்கும் ஏனைய நாடுகளிலிருந்தோர்க்கும் கடிதம் எழுதி வினவிக்கொண்டேயிருந்தார். வளர்ப்புப் பிராணிகளின் வேறுபாடு பற்றி 1868இல் அவர் வெளியிட்ட பெருநூலிலே கோழிக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. அதிலே நம் காட்டுக்கோழியும் இடம்பெறுகின்றது, ஆனால் அக்காலத்தில் வழங்கிய மற்றொரு பெயராகிய 'ஸ்டான்லி' என்னும் பெயரோடு.

டார்வின் நான்கு காட்டினங்களையும் ஒவ்வொன்றாக முன்நிறுத்தி விசாரித்த முறை, நியாய மன்றத்தில் அமர்ந்த நீதிபதியின் முறையை ஒத்தது. நிறத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை. நிறம் வளர்ப்பில் எளிதில் மாறுவது. குரலையும், கலப்பிற் பிறந்த குஞ்சு மீண்டும் கருத்தரிக்குமா என்பதையுமே அவர் உரைகல்லாகக் கொண்டார். நம் காட்டுக்கோழி உருவில் வீட்டுக் கோழியை எவ்வளவு ஒத்திருப்பினும், குரலில் முற்றிலும் வேறுபட்டது என்று அவர் எழுதினார். இலங்கையிலிருந்த மிற்போட் என்பவர் காட்டுச் சேவலுக்கும் ஊர்ப் பெடைக்கும் பிறந்த ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வளர்த்துப் பார்த்தார். இரண்டும் மலடாயின. அம்மட்டோ! இரண்டும் தந்தையின் காட்டுக் குரலையே பெற்றிருந்தன. இச்சான்றுகளைக் கொண்டு டார்வின், இலங்கைக் காட்டுக்கோழி வீட்டுக் கோழியின் மூதாதை அன்று என்று அதனை வழக்கிலிருந்து விலக்கினார். சாம்பற் காட்டுக்கோழியையும் பச்சைக் காட்டுக்கோழியையும் ஏறக்குறைய இவ்வாறே விலக்கினார். எஞ்சியது செங்காட்டுக்கோழி ஒன்றே. அதன் குரல் ஊர்ச் சேவலின் குரலைப் போன்றது, ஊர்க்கோழியோடு தடையின்றிக் கலந்து பெருகுவது.

குரல்தான் உரைகல் என்பது நகரத்தவருக்கு விந்தையாகத் தோன்றலாம். வன்னிப் பகுதியிலே காட்டை அடுத்த ஒரு பாடசாலையிற் சில காலம் நான் பணியாற்றியதுண்டு. அங்கே ஐந்தாம் வகுப்புச் சிறுவனும், பாடம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே சாளரத்துக்கு வெளியே கேட்ட கூவல் ஊர்ச் சேவலுடையதா காட்டுச் சேவலுடையதா என்று தலை நிமிராமலே கூறிவிடுவான். ஊர்ச் சேவலின் கூவல் இறுதியில் நீண்டு தேயும். காட்டுச் சேவலுடையதோ மூன்று துண்டாக வெட்டுண்ட குறுங்கூவல். இறுதியில் நீட்டம் என்பதே இல்லை. அக்காலத்து ஆங்கிலேயருக்கு அது 'ஜோர்ஜ் ஜொய்ஸ்' என்று எவரையோ பெயர் சொல்லி அழைப்பதுபோலக் கேட்டதாம். அவரவர் காதுக்கு அவரவர் மொழி.

டார்வினுக்குப் பின்னர் இந்நாட்டிலே இப்பறவையைப் பற்றி விரிவாக எழுதியோருள் இருவரைக் குறிப்பிடாமற் செல்லுதல் தகாது. பீரங்கிப் படையைச் சேர்ந்த கப்டன் லெக் என்பார் 1868 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு இத்தீவெங்கும் அலைந்து, இலங்கைப் பறவைகளின் வரலாறு என்னும் மாபெரும் நூலை 1880இல் நிறைவு செய்தார். பின்னர், இந்நாட்டிலே பிறந்து கொழும்பு நூதனசாலையிற் பூச்சியியற் பிரிவில் நெடுங்காலம் சேவையாற்றிய ஹென்றி என்பார், 1955இலே தாமே தீட்டிய ஓவியங்களோடு பறவை வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டார். லெக்கினுடைய நூலைத் தூக்குவதற்கே இரு கை வேண்டும். ஹென்றியின் நூலோ கையிற் கொண்டு காட்டிற்குப் போகத்தக்கது; இந்நாட்டில் எத்தனையோ இளைஞரைப் பறவை பார்க்கப் பழக்கியது அதுவே.

டார்வினின் தீர்ப்பு நூற்றாண்டுக்கு மேல் அசையாமலிருந்தது. அதன் பெரும்பகுதி இன்றும் அசையவில்லை. நூற்றுக்கணக்கான கோழிகளின் மரபுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழியே என்றும், அதிலும் சீனத்தின் தென்மேற்கு, மியன்மார், வட தாய்லாந்துப் பகுதிகளில் வாழும் கிளையினமே என்றும் தெளிவுபடுத்தியது. 2022இல் வெளியான தொல்லியல் ஆய்வுகள் இன்னுமொன்று கூறின. கோழி மனிதனோடு சேர்ந்தது நாம் எண்ணியதுபோல அத்துணைப் பழங்காலத்திலன்று. ஐயத்துக்கிடமின்றி வீட்டுக் கோழியுடையவை எனத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னுமிடத்தில், கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவை. நெல்லும் தினையும் விளைந்த இடத்திலே சிந்திய மணியைத் தேடிக் காட்டுக்கோழி வந்தது, வந்தது தங்கியது. மனிதன் வலைவீசிப் பிடித்ததைவிட, மனிதனுடைய களஞ்சியம் கோழியைப் பிடித்தது என்றே சொல்லத் தோன்றுகின்றது.

ஆயினும் டார்வினின் தீர்ப்பிலே ஒரு பகுதி திருத்தப்பட வேண்டியதாயிற்று. நம் ஊர்க்கோழிகள் பலவற்றின் கால் மஞ்சளாக இருப்பதை யாவரும் அறிவோம். செங்காட்டுக்கோழியின் காலோ மஞ்சளன்று. அங்ஙனமாயின் மஞ்சள் எங்கிருந்து வந்தது? 2008இல் சுவீடன் நாட்டு அறிஞர்களும் அவர்தம் துணைவரும் தோலை மஞ்சளாக்கும் மரபுக்கூற்றை ஆராய்ந்து, அது செங்காட்டுக்கோழியிலிருந்து வந்ததன்று, பெரும்பாலும் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும் என்று கண்டனர். சொனரா கூறியது முழுதும் உண்மையன்று. ஆனால் முழுதும் பொய்யுமன்று. தென்னிந்தியக் காட்டின் இரத்தம் சிறிதளவேனும் உலகக் கோழிகளின் காலிலே ஓடுகின்றது.

நம் பறவையின் செய்தி இதனினும் நுட்பமானது. நான்கு காட்டினங்களின் மரபுத் தொகுதிகளையும் முழுமையாக ஒப்பிட்ட மற்றோர் ஆய்வும் 2020இலேயே வெளிவந்தது. வீட்டுக் கோழிக்கும் சாம்பற் காட்டுக்கோழிக்குமிடையே கலப்பு இரு திசையிலும் நிகழ்ந்துள்ளது என்று கண்ட அவ்வாய்வு, இலங்கைக் காட்டுக்கோழியோடும் அத்தகைய கலப்பு மிகச் சிறிய அளவில் நேர்ந்திருப்பதற்கான தடயங்களைக் காட்டியது. மிற்போட் வளர்த்த சோடி மலடாயிருந்தது உண்மையே. ஆனால் கலப்பிற் பிறந்தவை யாவுமே மலடென்றால் இத்தடயம் எஞ்சியிருக்க வழியில்லை. ஆகவே, டார்வின் அடைபட்டதென்று கொண்ட வேலியிலே ஒரு சிறு பொத்தல் இருந்திருக்கின்றது. இரண்டே பறவைகளைக் கொண்டு ஓரினத்தின் இயல்பைத் தீர்த்துச் சொல்லுதல் கூடாது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணத்தை நான் மாணவர்க்குக் காட்டியதில்லை.

அதே மரபியல் ஆராய்ச்சி வேறோர் உறவையும் உறுதிப்படுத்துகின்றது. நம் காட்டுக்கோழிக்கு மிக நெருங்கிய இனம் செங்காட்டுக்கோழியன்று. நிறத்திலே சற்றும் ஒவ்வாத சாம்பற் காட்டுக்கோழியே. பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட முற்காலத்தில் ஒரு பொது முன்னோரிலிருந்து இரண்டும் பிரிந்தன. பனியுகங்களிலே கடல் மட்டம் தாழ்ந்தபொழுதெல்லாம் பாக்கு நீரிணை வறண்டு, இலங்கையும் தமிழகமும் ஒரே நிலமாக இருந்தன. யானையும் சிறுத்தையும் அந்நிலத்தினூடே நடந்து வந்தன. ஆயின் சாம்பற் கோழி இங்கே வரவுமில்லை. நம் பொன்னிறக் கோழி அங்கே போகவுமில்லை. காரணத்தைத் திட்டமாகக் கூறுதல் அரிது. வறண்டு வெளித்துக் கிடந்திருக்கக்கூடிய அந்த இடைநிலம், மரநிழலை விட்டு நெடுந்தூரம் செல்ல அஞ்சும் பறவைக்குக் கடலைப் போலவே தடையாயிற்றோ என்று நான் எண்ணுவதுண்டு.

இவ்வுறவை அறிந்தால் இலக்கியம் படிப்போருக்கும் ஒரு பயனுண்டு. முல்லை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் புலவர்கள் கூறும் கானக்கோழி தமிழகத்துக் காட்டிலே வாழ்வது; ஆகலின் அது சாம்பற் காட்டுக்கோழியே. இலங்கையிலே சங்க இலக்கியங் கற்பிக்கும் நாம், நம் காட்டிற் கண்ட பொன்னிறச் சேவலை மனத்திற் கொண்டு மாணவர்க்கு அதனை வருணித்துவிடுகின்றோம். புலவன் கண்ட பறவை வேறு. பாட்டின் சுவை இதனாற் குறையாதெனினும், கற்பிப்பவர் இதனை அறிந்திருத்தல் நன்று.

காட்டுக்கோழியின் இன்றைய நிலை என்ன? இனம் அழியும் தறுவாயில் இல்லை. வில்பத்து, யால ஆகிய வனங்களின் வழியோரங்களில் விடியலிலும் மாலையிலும் அதனை எளிதிற் காணலாம்; சிங்கராச மழைக்காட்டிலும் ஹோட்டன் சமவெளியின் குளிரிலும் அது வாழ்கின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரம் வரை, வறட்சிக்கும் ஓயா மழைக்கும் ஒருசேரத் தன்னைப் பழக்கிக்கொண்ட பறவை அது. அதன் தேவை ஒன்றே, காடு. 1830களுக்குப் பின்னர் கோப்பிக்காக மலைக்காடு வெட்டப்பட்டது. 1869இற் கோப்பியை நோய் தாக்கிய பின்னர் அதேயிடத்திற் தேயிலை வந்தது. கடந்த நூற்றாண்டிலே குடியேற்றத்துக்கும் நீர்ப்பாசனத்துக்குமாக வறண்ட வலயக் காடும் பெரிதும் குறைந்தது. மக்களுக்குச் சோறு வேண்டும் என்பதை எவரும் மறுக்கவியலாது. இன்று நாட்டின் நிலப்பரப்பில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே காடு எஞ்சியுள்ளது. அதுவும் துண்டு துண்டாகக் கிடக்கின்றது.

காடு துண்டுபடுமளவுக்கு அதன் விளிம்பு நீளுகின்றது. விளிம்பு நீளுமளவுக்கு ஊர்க்கோழியும் காட்டுக்கோழியும் சந்திக்கும் இடங்கள் பெருகுகின்றன. இதுவே என் கவலை. முன்னே சொன்ன அந்த வேலிப் பொத்தல், நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னே ஒரு சிலருடைய ஆராய்ச்சிக்குரிய விந்தையாக மாத்திரம் இருந்தது. இன்றோ தென்கிழக்காசியாவிலே செங்காட்டுக்கோழிக்கு நேர்ந்திருப்பது நம் கண்முன் இருக்கின்றது. அங்கே காட்டையடுத்த ஊர்களில் விட்டு வளர்க்கும் கோழிகள் காட்டினத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்தமையால், கலப்பற்ற செங்காட்டுக்கோழி எங்கே எஞ்சியுள்ளது என்பதே அறிஞர்க்கு வினாவாகிவிட்டது. சேவல் இருக்கின்றது, கூவுகின்றது, ஆனால் அது பழைய சேவல்தானா என்பதைச் சோதனைச்சாலையிற்றான் கேட்கவேண்டியிருக்கின்றது. நம் காட்டினம் ஊர்க்கோழிக்குத் தூரத்து உறவாகையால் அத்துணை விரைவிற் கலவாது. ஊர்க்கோழியைக் கொள்ளைகொள்ளும் நோய்களோ உறவு பார்ப்பதில்லை.

செய்யக்கூடியவை கடினமானவையல்ல. காட்டோரத்துக் குடிகள் கோழியைப் பகலிலே முற்றத்தளவில் வைத்து இரவிற் கூட்டில் அடைப்பது, நோயுற்றுச் செத்த கோழியைக் காட்டுக்குள் வீசாது புதைப்பது, காட்டிலெடுத்த முட்டையை ஊர்ப்பெடையின் கீழ் வைத்துப் பொரிப்பிக்கும் வேடிக்கையைக் கைவிடுவது, இவை போதும். கலப்புச் சேவல் தன் தந்தையின் காட்டுக் குரலையே பெற்றிருந்தது என்று டார்வின் குறித்ததை நினைவிற் கொள்ளுங்கள். ஊருக்குள், கோழிக்கூட்டின் கூரைமேல் நின்று ஒரு சேவல் நீட்டமில்லாது மூன்று துண்டாகக் கூவுமாயின், கொண்டையின் நடுவே மஞ்சள் இருக்கின்றதா என்று அருகிற் சென்று பார்த்து, பிரதேசத்து வனசீவராசிகள் உத்தியோகத்தருக்கு ஒரு வரி எழுதிவிடலாம்.